ஜெயித்துக்கொண்டே கோல் அடிக்க மறந்த கதை

2023 ஜூலை 4, ராத்திரி. எங்கள் வீட்டு மொட்டை மாடி. போன் ஒன்று, அதைச் சுற்றித் தலைகள் மூன்று. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியாவும் குவைத்தும் 120 நிமிஷம் ஓடிக் களைத்து 1-1 என்று நிற்கிறார்கள். பெனால்டி ஷூட்-அவுட். அதிலும் முதல் ஐந்து உதைகள் முடிந்து 4-4. ஆறாவது உதையை இந்தியாவின் மகேஷ் சிங் அடித்துவிட்டார். குவைத் கேப்டன் ஹாஜியா ஓடி வந்து உதைக்க, நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து இடது பக்கமோ வலது பக்கமோ (நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஹி ஹி) பாய்ந்து தட்டிவிட்டார். தெற்காசியக் கோப்பை ஒன்பதாவது முறையாக இந்தியாவுக்கு. மைதானம் முழுக்க ரஹ்மானின் வந்தே மாதரம். நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடிக்கு வந்துவிட்டார்.

"என்னடே, கிரிக்கெட்டா?"

"இல்ல அண்ணாச்சி, புட்பால். இந்தியா கப் அடிச்சிட்டு."

"எத்தன கோலு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு அண்ணாச்சி."

"அப்ப எப்படிடே ஜெயிச்சான்?"

அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று பேரும் சிரித்தோம். சங்கரன்கோவிலில் கபடி பார்த்து வளர்ந்த மனுஷருக்கு ஷூட்-அவுட் என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு. இப்போது யோசித்தால், அந்த வருஷம் இந்தியக் கால்பந்தைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது. எப்படி ஜெயித்தோம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். படிப்பது காமர்ஸ் ஆச்சே, கணக்குப் போடாமல் என்னால் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023-ல் மார்ச்சிலிருந்து ஜூலைக்குள் இந்தியா மூன்று கோப்பைகளை வென்றது. மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புப் போட்டி. மியான்மரை 1-0, கிர்கிஸ்தானை 2-0. ஜூனில் புவனேஸ்வரத்தில் இன்டர்கான்டினென்டல் கோப்பை. மங்கோலியாவை 2-0, வனுவாட்டுவை 1-0, லெபனானுடன் 0-0, இறுதியாட்டத்தில் அதே லெபனானை 2-0. அதே மாதக் கடைசியில் பெங்களூருவில் தெற்காசியக் கோப்பை. பாகிஸ்தானை 4-0, நேபாளத்தை 2-0, குவைத்துடன் 1-1, அரையிறுதியில் லெபனானுடன் 0-0 (ஷூட்-அவுட்டில் 4-2), இறுதியில் மேலே சொன்ன குவைத் ஆட்டம்.

மொத்தம் 11 ஆட்டம். ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. உலகத் தரவரிசையில் 99-வது இடம் வரைக்கும் போனோம். முதல் 8 ஆட்டங்களில் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதற்கப்புறம் வாங்கிய முதல் கோலையும் குவைத் அடிக்கவில்லை, நம் அன்வர் அலியே கடைசி நிமிடத்தில் நம் வலைக்குள் தட்டிவிட்ட சேம் சைடு கோல். ஆக 11 ஆட்டத்தில் எதிராளி அடித்து வாங்கியது ஒரே ஒரு கோல். இது சாதாரண விஷயமில்லை. சந்தேஷ் ஜிங்கன், அன்வர் அலி, குர்ப்ரீத் மூவருக்கும் சிலை வைத்தாலும் தகும்.

இப்போது பேரேட்டின் அடுத்த பக்கம். அந்த 11 ஆட்டத்தில் இந்தியா அடித்தது 16 கோல். அதில் 8 கோல் ஒரே ஆள் அடித்தது. சுனில் சேத்ரி. கிர்கிஸ்தானுக்கு எதிராக ஒரு பெனால்டி, வனுவாட்டுக்கு எதிராக 81-வது நிமிடத்தில் ஒன்று, லெபனான் இறுதியாட்டத்தில் ஒன்று, பாகிஸ்தானுக்கு மூன்று, நேபாளத்துக்கு ஒன்று, குவைத்துக்கு ஒன்று. சரியாகப் பாதி. அப்போது அவருக்கு வயது 38.

எங்கள் பாடத்தில் இந்தியக் கணக்கியல் தரநிலை 108 என்று ஒன்று வரும். ஒரு கம்பெனியின் வருமானத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், அதை ஆண்டறிக்கையில் சொல்லியே ஆகவேண்டும். ஏன்? அந்த ஒரு ஆள் நாளைக்குக் கடையை மாற்றிக்கொண்டால் கம்பெனி என்ன ஆகும் என்று பங்குதாரருக்குத் தெரிய வேண்டாமா? பத்து சதவீதத்துக்கே இந்தப் பாடு. இங்கே ஐம்பது. லாபம் வந்துகொண்டிருந்ததால் அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஷூட்-அவுட்டில் முடிகிற ஆட்டம் கால்பந்தின் ஏடுகளில் டிரா என்றுதான் ஏறும். அப்படிப் பார்த்தால் தெற்காசியக் கோப்பையில் இந்தியாவின் கடைசி மூன்று ஆட்டங்களும் டிரா. அந்த மூன்றில், கூடுதல் நேரமெல்லாம் சேர்த்து 330 நிமிடம் ஆடி, நாம் அடித்தது இரண்டே கோல். நேபாளத்தை வென்றதற்கு அப்புறம் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்காமல் சாம்பியன் ஆனோம். மூன்று கோப்பைகளும் நம் ஊர் மண்ணில், நம் கூட்டத்துக்கு முன்னால் ஆடியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஜெயித்தால் ஜெயித்ததுதானே, எப்படி ஜெயித்தால் என்ன?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் சண்டைக்கு வருவான். அவன் எப்போதும் காட்டுகிற உதாரணம் 2004-ன் கிரீஸ். அந்த ஐரோப்பியக் கோப்பையில் கிரீஸ் காலிறுதியில் பிரான்ஸை 1-0, அரையிறுதியில் செக் குடியரசை 1-0, இறுதியில் போர்ச்சுகலை 1-0. மூன்றும் தலையால் முட்டிய கோல்கள். கோட்டையைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு அம்பு விட்டு ஜெயித்தார்கள். அது அழகான கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் அந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தைச் சொல்லமாட்டான். 2006 உலகக் கோப்பைக்குக் கிரீஸ் தகுதி பெறவே இல்லை. 2008 ஐரோப்பியக் கோப்பையில் நடப்புச் சாம்பியனாக வந்து மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அடித்தது ஒரே கோல். டிஃபென்ஸை நம்பி ஜெயிப்பதில் தப்பே கிடையாது. அந்த ஒரு அம்பு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்தியாவுக்கு அம்பு தீர ஆரம்பித்தது இரண்டே மாதத்தில். செப்டம்பரில் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை. சேத்ரி வரவில்லை, வீட்டில் குழந்தை பிறந்த சமயம். ஈராக்குடன் 2-2 (அதில் ஒன்று ஈராக் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே விட்டது), ஷூட்-அவுட்டில் தோல்வி. லெபனானிடம் 0-1. அக்டோபரில் மலேசியாவிடம் 2-4. நவம்பரில் மட்டும் குவைத்துக்கே போய் மன்வீர் சிங் கோலில் 1-0 என்று ஜெயித்தோம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டம் அது. திரும்பவும் அதே 1-0. திரும்பவும் நாங்கள் மொட்டை மாடியில் ஆட்டம் போட்டோம்.

அந்தக் கோலுக்கு அப்புறம் அடுத்த கோலைப் பார்க்க நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கத்தாரிடம் 0-3. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவுடன் இடைவேளை வரை 0-0 என்று பிடித்து நிறுத்தி, கடைசியில் 0-2. உஸ்பெகிஸ்தானிடம் 0-3. சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், பூஜ்யம் கோல். மார்ச்சில் ஆப்கானிஸ்தானுடன் 0-0. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், ஆசியக் கோப்பைக்கு அன்வர் அலி, ஆஷிக் குருணியன், ஜீக்சன் சிங் மூவரும் காயத்தால் வரவில்லை. ஆனால் இவர்களில் யாருமே ஸ்ட்ரைக்கர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கோல் போடுகிற ஆள் காயம்பட்டு உட்கார்ந்திருந்தால்கூட ஆறுதல் பட்டிருக்கலாம்.

ஆசியக் கோப்பையில் இந்தியா கோலே போடாமல் திரும்பியது அது முதல் தடவையும் அல்ல. 1984-ல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கோப்பையிலும் நான்கு ஆட்டத்தில் பூஜ்யம். அதில் ஈரானை 0-0 என்று நிறுத்தியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் 2011-ல் மூன்று ஆட்டத்திலும் அடிவாங்கி வெளியேறியபோதும் மூன்று கோல் போட்டிருந்தோம். 2019-ல் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். அதற்கு முன்னால் போனால் 1964-ல் இரண்டாமிடம், மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் ஊரிலேயே 4-2 என்று அடித்தபோது நெவில் டிசூசா ஒருவரே மூன்று கோல். இந்தியாவுக்குக் கோல் போடத் தெரியாது என்று பிறவிக் குறையாகச் சொல்லமுடியாது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை 1948-ல் லண்டனில் பிரான்ஸுக்கு எதிராக அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியையும் வீணடித்து 1-2 என்று தோற்றோம் என்பது வேறு கதை.

அப்படியானால் இடையில் என்ன ஆயிற்று?

எங்கள் தெரு மைதானத்தில் ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செருப்பு, இரண்டு பை. கீப்பராக நிற்க ஒரு பயலும் வரமாட்டான். இருக்கிறதிலேயே சின்னப் பையனை மிரட்டித்தான் நிறுத்தவேண்டும் (ஐந்து வருஷம் அந்தச் சின்னப் பையன் நான்தான்). எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. தெருவுக்குத் தெரு இப்படி இருக்கிற நாட்டில் ஸ்ட்ரைக்கருக்குப் பஞ்சம் என்றால், அந்தப் பையன்கள் மேலே ஏறுகிற வழியில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஐ.எஸ்.எல். தொடங்கியது 2014-ல். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் தங்கக் காலணி வாங்கியவர்களைப் பாருங்கள். முதல் வருஷம் சென்னையின் பிரேசில்காரர் எலானோ. அடுத்த வருஷம் அதே சென்னையின் கொலம்பியாக்காரர் மெண்டோசா, 13 கோல். அப்புறம் மார்செலினோ, கோரோ, திரும்பவும் கோரோ. 2019-20-ல் மறுபடி சென்னை, லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ். பிறகு அங்குலோ, ஓக்பெச்சே, டியாகோ மௌரிசியோ, டயமான்டகோஸ். 2024-25-ல் மொராக்கோவின் அஜாரை, 23 கோல். பதினொரு சீசனில் ஒரு இந்தியர்கூட இல்லை. நம் சென்னை அணி மூன்று தடவை இந்தப் பட்டியலில் வருகிறது என்று காலரைத் தூக்கிவிடவும் ஆசைதான். மூவருமே வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவர்கள்.

கிளப்காரர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர்கள் பணம் போட்டவர்கள், அவர்களுக்கு இந்த சீசன் ஜெயிக்கவேண்டும். கோல் போடுகிற ஆள்தான் சந்தையில் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பு இருக்கும்போது அந்த இடங்களை எதற்குச் செலவழிப்பார்கள்? நடு முன்னணி ஆட்டக்காரருக்கும், அவருக்குப் பந்து கொடுக்கிறவருக்கும், நடு டிஃபென்ஸுக்கும்தான். மிச்சமிருக்கிற பக்கவாட்டு இடங்களுக்கு இந்தியர்கள். களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்று ஆரம்பித்து, ஐந்தாக்கி, 2021-22-லிருந்து நான்காகக் குறைத்தார்கள். குறைத்தபோதும் வெட்டு விழுந்தது அந்த நடு முன்னணி இடத்தில் இல்லை. சேத்ரியே மிக்கு என்ற வெனிசுவேலாக்காரர் பெங்களூருவில் இருந்த காலத்தில் இடது பக்கம் ஒதுங்கித்தான் ஆடினார். குவைத்தில் கோல் போட்ட மன்வீரும் மோகன் பகானில் வலது பக்கம்தான். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் இதைப் பல தடவை வெளிப்படையாகப் புலம்பினார். கிளப்பில் வருஷம் முழுக்க ஓரத்தில் ஓடுகிறவனை, தேசிய அணிக்கு வந்த பத்து நாளில் நடுவில் நிறுத்தி கோல் போடு என்றால்? விசைத்தறியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தவனைத் திடீரென்று தறியில் நிறுத்தினால் சேலை வருமா?

நம் பக்கத்துப் பையன் ஒருவர் கதை இதில் உண்டு. சிவசக்தி நாராயணன், சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரர். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூருவுக்காக மும்பைக்கு எதிராகக் கோல் அடித்து, கோப்பையும் வாங்கியவர். அந்த சீசனில் பெங்களூரு பல ஆட்டங்களில் சிவசக்தியை முதலில் இறக்கிவிட்டு சேத்ரியை பெஞ்சில் உட்கார வைத்தது. தமிழன் ஒருவன் சேத்ரி இடத்தைப் பிடிக்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்திக்குக் காயம். நொண்டிக்கொண்டே வெளியே போக, பதிலாக உள்ளே வந்தவர் யார்? சேத்ரிதான். இந்தியக் கால்பந்தின் பத்து வருஷக் கதையை ஒரே காட்சியில் போட்டுக் காட்டியது போல இருந்தது. இளையவர் போனால் அந்த இடத்துக்கு மூத்தவர்.

அதற்காக சேத்ரியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 2005-ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டுத் தொடங்கியவர். அவர் இல்லாவிட்டால் இந்தப் பிரச்சினை பத்து வருஷம் முன்னாடியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். தவறு அவர் மேல் சாய்ந்து நின்றவர்களுடையது.

இப்போது 2024 ஜூன் 6-க்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையே அந்த ஒரு ராத்திரிக்காகத்தான். கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். சேத்ரியின் கடைசி ஆட்டம் என்று மூன்று வாரம் முன்பே அறிவித்துவிட்டார். எதிரே அதே குவைத். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா அதுவரை நான்கு ஆட்டத்தில் நான்கு புள்ளி. முந்தைய ஆட்டத்தில் குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றிருந்தோம். அந்த ஒரு கோலும் சேத்ரி அடித்த பெனால்டி, அவருடைய 150-வது ஆட்டத்தில்.

கொல்கத்தாவில் ஒரு கோல் போதும். ஒன்றே ஒன்று. 2023-ல் நமக்கு வழக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த 1-0. கிடைக்கவில்லை. 0-0. சேத்ரி அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தார். ஐந்து நாள் கழித்து கத்தாரில் சாங்தே கோலில் முன்னிலை பெற்று, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்ட கோலையும் நடுவர் செல்லும் என்று சொல்ல, 1-2 என்று தோற்றோம். நாடே அந்த நடுவரைத் திட்டியது. திட்டவேண்டியதுதான். அநியாயம் அது.

ஆனால் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். குரூப்பின் கடைசி நிலவரம்: கத்தார் 16, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5. கொல்கத்தாவில் அந்த ஒரு கோல் விழுந்து, மற்ற முடிவுகளெல்லாம் அப்படியே இருந்திருந்தால் இந்தியா 7, குவைத் 6. கத்தாரில் தோற்றிருந்தாலும் இரண்டாம் இடம் நமக்கு. உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்று, அதோடு 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம். ஆறு ஆட்டத்தில் நாம் போட்டது மொத்தம் மூன்று கோல். கத்தார் நடுவர் மேல் போட்ட வழக்கில் நான் சாட்சி சொல்லத் தயார். ஆனால் நாம் அந்த நடுவர் கையில் போய் மாட்டிக்கொண்டது ஜூன் 6-ஆம் தேதி.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், எழுதவே பிடிக்கவில்லை. ஸ்டிமாச்சை அந்த மாதமே நீக்கினார்கள். ஸ்பெயினின் மனோலோ மார்க்கேஸ் வந்தார். 2024 முழுக்க 11 ஆட்டம், 4 கோல், ஒரு வெற்றி கிடையாது. பயிற்சியாளர் மாறினார், கணக்கு மாறவில்லை. முந்தைய வருஷம் அதே 11 ஆட்டத்தில் மூன்று கோப்பை வாங்கிய அணி என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

2025 மார்ச்சில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓய்வு பெற்ற சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பது வயது. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் இந்தியர்களில் அதிகக் கோல் போட்டவரும் அவரேதான், 14. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக இறங்கித் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டார். அவருடைய 95-வது. இந்தியா 3-0, பதினாறு மாதத்துக்குப் பிறகு முதல் வெற்றி. ஆனால் அடுத்த வாரம் தொடங்கிய ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பங்களாதேஷுடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1, சிங்கப்பூருடன் 1-1, பிறகு மட்காவில் 1-2, டாக்காவில் 0-1. ஐந்து ஆட்டத்தில் இரண்டு கோல். நாலாவது ஆட்டத்தோடேயே 2027 வாய்ப்பு போயிற்று. அதற்குள் மார்க்கேஸும் போய், காலித் ஜமீல் வந்திருந்தார்.

ஷில்லாங் ஆட்டத்தன்றைக்கும் மொட்டை மாடியில்தான் இருந்தோம். மூன்று தலைகள் இரண்டாகிவிட்டன, ஒருவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்றாவது கோல் விழுந்ததும் பழையபடி சத்தம். அண்ணாச்சி கீழே இருந்தே கேட்டார், "யாருடே அடிச்சா?"

"சேத்ரி அண்ணாச்சி."

"அவன்தான் போன வருஷமே ரிட்டையர் ஆயிட்டான்னு சொன்னியேடே."

டிஸ்கி: 11 ஆட்டம், 16 கோல் என்பது 2023 மார்ச் 22-லிருந்து ஜூலை 4 வரைக்கான கணக்கு. ஷூட்-அவுட்டில் அடித்தவற்றைச் சேர்க்கவில்லை. கூட்டலில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், ஆடிட்டிங் பேப்பரில் எனக்கு மார்க் கொஞ்சம் கம்மிதான்.